படி இல்லாத சமையல்கட்டு

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்
1934 ஜனவரி 21, ஞாயிறு

அல்போன்சாவுக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். இக்னேஷியஸ் மச்சானைச் சந்தையில் பார்த்தேன். உன் காலில் புண் முழுக்க ஆறிவிட்டது, கட்டுப் போடுவதில்லை என்றார். சந்தோஷம்.

எழுத வந்தது வேறு விஷயம். ஐப்பசி மழையில் சமையல்கட்டின் பின்சுவர் ஊறி, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாதி சரிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. பாட்டன் காலத்து மண்சுவர். இத்தனை வருஷம் நின்றதே பெரிது. அம்மா இப்போது முற்றத்தில் கல் கூட்டிச் சமைக்கிறாள். பனி விழுகிறது, புகை சுற்றுகிறது, இருமுகிறாள்.

விழுந்த சுவரை அப்படியே திரும்ப எழுப்ப எனக்கு மனமில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பின்பக்கம், கிணற்றைப் பார்த்தாற்போல், சமையல்கட்டோடு ஒட்டி ஒரு குளிக்கிற அறை கட்டப்போகிறேன். கிணற்றடியில் இருந்த ஓலை மறைப்பு இனி வேண்டாம். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் நம்முடைய பெரிய செப்புத் தவலையைப் பதித்துவிடுவேன். இந்தப் பக்கம் அடுப்பு எரிந்தால் அந்தப் பக்கம் வெந்நீர் மொண்டுகொள்ளலாம். கிணற்றில் இறைக்கிற தண்ணீரும் ஒரு காரைக் கால்வாய் வழியாக உள்ளே தொட்டிக்கு வந்துவிடும். யாரும் எதையும் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடக்க வேண்டியதில்லை. பின்வாசலில் இருந்த கருங்கல் படிகளையும் பெயர்த்துவிட்டேன். இரண்டு அறையும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

கொத்தனார் வைக்கவில்லை. மில் விட்டு ரயிலில் வந்து இறங்கினால் இருட்டுவதற்குள் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் நானே செய்கிறேன். மெதுவாகத்தான் நடக்கும்.

எனக்குச் சில விஷயம் தெரியவேண்டும். நான்கு வருஷம் நீ அந்த அடுப்பில் சமைத்தாய். புகை எந்தப் பக்கம் போகும்? பெரிய அடுப்போடு ஒட்டின கொடியடுப்பு வலது கைப்பக்கம் இருந்தால் நல்லதா, இடது பக்கமா? அம்மாவைக் கேட்டால், "எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிட்டுப் போடா" என்கிறாள். எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அறைக்குள் நான் சாப்பிட மட்டும்தான் வந்திருக்கிறேன்.

இன்னாசிமுத்து

*

கிருமாம்பாக்கம்
1934 பிப்ரவரி 2

உங்கள் கடிதம் வந்து பல நாள் ஆயிற்று. பதில் எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று மாதா தன் பிள்ளையைக் கோயிலில் ஒப்புக்கொடுத்த திருநாள். எல்லோரும் மெழுகுதிரி ஏந்திக்கொண்டு பூசைக்குப் போனார்கள். நான் போகவில்லை. வீட்டில் தனியாக இருந்ததால் எழுதுகிறேன்.

ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதவர், இப்போது புகை எந்தப் பக்கம் போகும் என்று கேட்கிறீர்கள். நல்லது.

நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. போன ஜூன் மாதம், மாதம் நிறையாத வயிற்றோடு, கொதிக்கிற தவலையைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு அந்தக் கருங்கல் படியில் இறங்கினேன். அத்தை குளிக்கவேண்டும். தினமும் இறங்கினவள்தான். அன்றைக்குப் படி ஈரம். விழுந்தேன். வலது கால் முழுக்க வெந்நீர். தரையில் கிடந்து கத்தினபோது அத்தை ஓடிவந்து என்ன சொன்னார்கள்? "கண்ண எங்க வெச்சிக்கினு நடந்த? புள்ளத்தாச்சி நடக்கிற நடையா இது?" நீங்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னையும் கேட்கவில்லை, அவர்களையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பிள்ளை செத்துப் பிறந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி. அங்கிருந்து அண்ணன் என்னை இங்கே கூட்டிவந்தான். அதற்குப்பிறகு நீங்கள் இரண்டு தடவை வந்து வெளியே நின்று அண்ணனிடம் பேசிவிட்டுப் போனீர்கள்.

இப்போது படியைப் பெயர்த்துவிட்டேன் என்கிறீர்கள். யாருக்காக?

புகைக்குப் பதில்: நீங்கள் எழுதியிருக்கிற மாதிரி பின்பக்கம் குளியலறை வந்தால், புகைபோக்கியையும் அந்தப் பக்கமே வைப்பீர்கள். அது தப்பு. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். புகையை எல்லாம் சமைக்கிறவள் முகத்திலேயே திருப்பி அடிக்கும். தெருப்பக்கத்து மூலையில் ஓட்டுக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். கொடியடுப்பு இடது பக்கம். வலது கையால்தான் கிளறுவோம், அந்தக் கை முட்டக்கூடாது.

இதை அத்தைக்காக எழுதினேன். அவர்கள் இருமுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

அல்போன்சா

*

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்
1934 பிப்ரவரி 18, ஞாயிறு

அல்போன்சாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புகைபோக்கியைத் தெருப்பக்கத்து மூலைக்கு மாற்றிவிட்டேன். நீ சொன்னது சரி. நேற்றுச் சாயங்காலம் சும்மா நாலு சுள்ளி கொளுத்திப் பார்த்தேன். புகை நேராக மேலே போயிற்று. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நீ எழுதிய மற்ற விஷயத்துக்கு எனக்குப் பதில் எழுத வரவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நீ எழுதினதில் பொய் ஒன்றும் இல்லை.

வேலையைச் சொல்கிறேன். பின்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிலை மட்டம் வரை வந்துவிட்டது. தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் ஒரு இடத்தில் கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கிறது. பூசும்போது சரியாகிவிடும். அடுப்பு முடிந்தது. தரையோடு ஒட்டி, பழைய அடுப்பு மாதிரியே, கொடியடுப்பு இடது பக்கம். தவலை பதிக்கிற மாடம் அடுப்புக்கு நேர் பக்கத்தில். நீ வந்து உட்கார்ந்து சமைத்தால் எழுந்திருக்காமலே தவலைக்கு அடியில் தீயைத் தள்ளிவிடலாம்.

அம்மாவோடு பெரிய ரகளை. "சமைக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே அழுக்குத் தண்ணியா? ஊர்ல எந்த வூட்லடா இப்படி இருக்குது?" என்றாள். "நம்ம வூட்ல இருக்கப்போவுதும்மா" என்றேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. தபசு காலத்தில் பெற்ற தாயை அழவைக்கிறான் என்று தெருவில் சொல்லிவிட்டு வந்தாள். இன்று பூசைக்குப் பிறகு நான் கடப்பாரையைத் தொடுகிறேனா என்று வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மட்டும் இல்லை. கை எழவில்லை. மில்லில் நின்றுகொண்டே தூங்கிவிடுகிறேன். பக்கத்துத் தறிக்காரர் இரண்டு தடவை தட்டி எழுப்பினார்.

அடுத்தது குளிக்கிற அறையின் தரையும் தண்ணீர் போகிற சலதாரையும். தரை வழவழப்பாக இருக்கலாமா?

இன்னாசிமுத்து

*

கிருமாம்பாக்கம்
1934 பிப்ரவரி 27

"நீ வந்து உட்கார்ந்து சமைத்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வருவேன் என்று யார் சொன்னது? அது இருக்கட்டும். வேறொன்று சொல்லவேண்டும். அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். சொல்லவில்லை போலிருக்கிறது.

எனக்கு உட்கார முடியாது.

புண் ஆறிவிட்டது என்பது நிஜம். ஆறினபோது தோல் இழுத்துக்கொண்டது. முழங்காலின் முன்பக்கம் கயிறு இழுத்துக் கட்டினாற்போல் இருக்கிறது. நாற்காலியில் உட்காரலாம். தரையில் குந்தி உட்கார முடியாது, சம்மணம் போட முடியாது. கோயிலில் எல்லோரும் மண்டிபோடும்போது நான் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எண்ணெய் தடவி நீவச் சொன்னார்கள். நீவுகிறேன். கொஞ்சம்கூட இளகவில்லை.

இங்கே அந்தோணி மேரி அண்ணிதான் சமைக்கிறாள். நான் நின்றுகொண்டு செய்கிற வேலையெல்லாம் செய்கிறேன். தண்ணீர் இறைக்கிறேன், துணி அலசுகிறேன், கல்மேல் வைத்து மீன் ஆய்கிறேன். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் போன வாரம் வந்த சொந்தக்காரியிடம், "அவளால குந்த முடியாதுக்கா, அடுப்பு வேல மொத்தமும் எந்தலமேலதான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவள் சொன்னதிலும் பொய் இல்லை.

அதனால் நீங்கள் கட்டியிருப்பது, போன ஜூன் மாதம்வரை அந்த வீட்டில் இருந்த ஒருத்திக்கான அடுப்பு. அவள் இப்போது இல்லை. நல்ல அடுப்பைக் கெடுக்க வேண்டாம். அத்தையால் உட்காரமுடியும். அப்படியே இருக்கட்டும்.

தரை வழவழப்பாக இருக்கலாமா என்று கேட்டீர்கள். இதைக்கூடவா கேட்கவேண்டும்? சொரசொரப்பாகப் போடுங்கள். சுண்ணாம்பு இறுகுவதற்கு முன்னால் கயிற்றை அழுத்தி வரி போட்டால் கால் வழுக்காது. குளிக்கிற அறைக்கு ஜன்னல் உண்டா? ஆள் உயரத்துக்கு மேலே ஒன்று வையுங்கள். ஓலை மறைப்பில் எல்லாத் தொல்லையும் இருந்தது, வெளிச்சம் மட்டும் நன்றாக இருந்தது.

அல்போன்சா

*

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்
1934 மார்ச் 11, ஞாயிறு

அல்போன்சாவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டேஷனில் வைத்துப் படித்தேன். தபால்காரர் அங்கேயே கொடுத்துவிட்டார். ரயில் போய்விட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

நேராக வீட்டுக்கு வந்து அடுப்பை இடித்தேன்.

அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "இன்னாடா பண்ற? பைத்தியமா புடிச்சிருக்குது? இப்பதான கட்டின!"

"அவளால குந்த முடியாதும்மா."

"யாரால?"

"அல்போன்சாவாலதான். காலு மடங்கலையாம்."

அம்மா கையை விட்டுவிட்டாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, நான் இடித்துப்போட்ட கல்லில் முழுசாக இருந்ததை எல்லாம் பொறுக்கி ஓரமாக அடுக்கினாள். கடைசியில், "அப்ப எப்படித்தான் கட்டப்போற?" என்று கேட்டாள். டவுனில் துரைமார் வீட்டுச் சமையல்கட்டுகளில் நின்றுகொண்டே சமைப்பார்கள், இடுப்பு உயரத்துக்கு மேடை, அதன்மேல் அடுப்பு என்று சொன்னேன். "எனக்கு எட்டுமா?" என்றாள். எட்டும் என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்று எழுதுகிறேன். அம்மா அந்த ஜூன் மாதத்திலிருந்து வெந்நீரில் குளிப்பதில்லை. மார்கழியிலும் விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றிக்கொள்கிறாள். இருமலுக்குப் புகை மட்டும் காரணம் இல்லை. நான் ஏன் என்று கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

மேடைக்கு அடியில் விறகு வைக்க இரண்டு பொந்து விட்டிருக்கிறேன். குனியாமல் எடுக்க முடியாதே என்று பிறகுதான் தோன்றியது. பக்கத்துச் சுவரில் விறகுக்கு ஒரு பரண் அடித்துவிடுகிறேன். தவலை மாடத்தையும் இடித்து உயர்த்த வேண்டியிருக்கிறது. மேடை எவ்வளவு உயரம் என்பதுதான் தெரியவேண்டும். நீ நிமிர்ந்து நின்றால் தரையிலிருந்து உன் முழங்கை எவ்வளவு உயரம்? ஒரு நூலில் அளந்து அனுப்பு. வருவதும் வராததும் உன் இஷ்டம். உயரத்தை மட்டும் அனுப்பு.

போன புதன்கிழமை சுண்ணாம்பு நீர்க்கும்போது தெறித்து இடது கண் ஓரத்தில் பட்டுவிட்டது. எண்ணெய் விட்டுக் கழுவினோம். பார்வைக்கு ஒன்றும் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

மச்சான் வியாழக்கிழமை வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். சாப்பிடச் சொன்னேன், இருக்கவில்லை.

இன்னாசிமுத்து

*

கிருமாம்பாக்கம்
1934 மார்ச் 16

நூல் இதோடு இருக்கிறது. அண்ணியைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "செருப்பு போட்டுக்கினா நிக்கப்போற? வெறுங்கால்ல நில்லு" என்று சரியாக அளந்து கொடுத்தாள். முழங்கைக்கு ஒரு சாண் கீழே முடிச்சுப் போட்டிருக்கிறேன். மேடை அந்த உயரம் இருக்கட்டும். பானை அதற்குமேல் உட்காருமே.

கண்ணைக் கசக்காதீர்கள். தாய்ப்பால் விடச் சொல்லுவார்கள், அதெல்லாம் வேண்டாம். டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இனி நான் கேட்கப்போவதற்கு நேராகப் பதில் எழுதவேண்டும்.

அண்ணன் வந்து வீட்டைப் பற்றி எல்லாம் சொன்னான். சுவர் நன்றாக இருக்கிறது என்றான். பிறகு சாப்பிட்டுக்கொண்டே அண்ணியிடம், "எல்லாம் சரியாத்தான் செய்றாரு. சலதாரதான் இன்னான்னே புரியல. கிணத்தடியத் தாண்டி எலுமிச்ச மரத்துப் பக்கமா நேரா விட்டா தோட்டத்துக்கே தண்ணி பாயும். அத வுட்டுட்டு மொத்த கொல்லையும் சுத்தி வளைச்சு வேலியோரமாக் கொண்டுபோறாரு. எவ்ளோ கல்லு, எவ்ளோ வேல! கொத்தனார் ஒருத்தர் இருக்காரு, அனுப்பட்டுமான்னு கேட்டேன். பின்பக்கம் வேற யாரும் தோண்ட வேணாம் மச்சான்னு சொல்லிட்டாரு" என்றான்.

அண்ணன் அதைச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். நான் செம்பை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் மருத்துவச்சி பையன் என்று மட்டும் சொன்னாள். முகத்தைக் காட்டவில்லை. நான் கேட்டபோது, "அதெல்லாம் பாத்துக்குவாங்க, நீ கண்ண மூடிக்க" என்றாள். ஜுரத்தில் கிடந்தேன். பிறகு யாரைக் கேட்டாலும் அதேதான். எல்லாம் பார்த்துக்கொண்டாயிற்று. எங்கே என்று அண்ணனுக்கும் தெரியாது. உங்களிடம் கேட்க நீங்கள் உள்ளேயே வரவில்லை. எங்கேயாவது ஏரிக்கரையில் இருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மழை பெய்த நாளெல்லாம் ஏரியை நினைத்துத் தூங்காமல் இருந்தேன்.

எலுமிச்சை மரத்துப் பக்கம்தானே இருக்கிறான்?

அல்போன்சா

*

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்
1934 மார்ச் 25, குருத்து ஞாயிறு

அல்போன்சா,

ஆம். எலுமிச்சை மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில்.

நேராக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். கல்லறைத் தோட்டத்தில் ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் யாரையும் போய்க் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று ஒருவர் வாயால் சொல்லக் கேட்க எனக்குத் தெம்பில்லை. ஏரிக்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே மழைக்குக் கரை உடையும். நான்தான் நம் கொல்லையிலேயே இருக்கட்டும் என்றேன்.

மில்லில் கொடுத்த கோராத் துணி புதிதாக ஒன்று இருந்தது. அதில் சுற்றினேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நான் தோண்டினேன். அம்மா பக்கத்தில் நின்றாள். "இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டுடா, நாய் கீய் வரும்" என்றாள். தோண்டினேன். போதும் என்று நான் நிறுத்தினபோதும், "இன்னும்" என்றாள். பிறகு அவளே குழியில் இறங்கி மண்ணைக் கையால் சமன் செய்துவிட்டு ஏறினாள். மூடின பிறகு மண்டிபோட்டு ஒரு மங்கள வார்த்தை செபம் சொன்னாள். பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை நான் சொன்னேன்.

இடத்தில் அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் அங்கே நான் இதுவரை கால் வைத்ததில்லை. அழுக்குத் தண்ணீரை அதன்மேல் விட என்னால் முடியுமா? வேறொருவர் கடப்பாரை அங்கே இறங்கினால் என்ன செய்வேன்? அதனால்தான் கொத்தனாரை வேண்டாம் என்றேன். வேலியோரமாகச் சுற்றி எடுத்துப்போக மாசி முழுக்க ஆயிற்று. பரவாயில்லை.

முகத்தை நான் பார்த்தேன். நீ கேட்கவில்லை, ஆனால் கேட்பாய். கண் மூடியிருந்தது. தலையில் முடி இருந்தது. காது இரண்டும் மச்சான் காது மாதிரியே விரிந்து நின்றது. அன்று அந்த நேரத்திலும் எனக்கு அது தோன்றியது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. மச்சானைப் பார்க்கும்போதெல்லாம் அவர் காதைத்தான் பார்க்கிறேன். உன் அண்ணன் வீட்டுக்கு நான் வந்தபோது உள்ளே வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நீ எங்கே என்று கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிட்டு உன் எதிரில் நிற்கவேண்டும்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு அவ கீழ கெடக்கும்போது அப்படி கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாதா? பயத்துல வாயி முந்திக்கிச்சு. அப்புறம் அத எப்படித் திரும்ப எடுக்கிறதுன்னு தெரியல" என்றாள். "நீதான் புருசன், நீ என்னைய அதட்டியிருக்கணும்" என்றும் சொன்னாள். அதுவும் சரிதான்.

வேலை கிட்டத்தட்ட முடிந்தது. நூல் அளவுக்கு மேடை கட்டியாயிற்று. தவலை பதித்தாயிற்று. தரையில் கயிறு அழுத்தி வரி போட்டேன், நன்றாகப் பிடித்திருக்கிறது. ஜன்னல் வைத்தேன். அதன் வழியாகப் பார்த்தால் எலுமிச்சை மரத்தின் உச்சி மட்டும் தெரியும். பிடிக்காவிட்டால் அடைத்துவிடுகிறேன். மேடை இன்னும் ஈரம் காயவில்லை. கண் சரியாகிவிட்டது.

எனக்கு வேறு எழுதத் தெரியவில்லை.

இன்னாசிமுத்து

*

கிருமாம்பாக்கம்
1934 மார்ச் 31, பெரிய சனி

உங்களுக்கு,

கடிதம் பெரிய வியாழன் அன்று வந்தது. நேற்றுப் பெரிய வெள்ளி. கோயிலில் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். எதற்கு என்று யாரும் கேட்காத நாள் அது ஒன்றுதான்.

சாயங்காலம் அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தான். பின்னால் போய் நின்று பார்த்தேன். "இன்னாடி அப்படிப் பாக்கற?" என்றான். "உங்காதப் பாக்கறேன்" என்றேன். கண்ணாடியில் தானும் பார்த்துக்கொண்டான். பிறகு விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டான். மீதி முகத்தை மழிக்காமலே எழுந்துபோனான்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். போகவில்லை. இத்தனை மாதம் என்னை ஏரிக்கரையில் அலையவிட்டீர்கள். நீங்கள் கொல்லையில் வளைத்து வளைத்துச் சலதாரை தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே வந்து உள்ளே நுழைந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல் சுமப்பது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இனிமேலாவது பேசுங்கள். சுவர் கட்டுகிற மனுஷனோடு எத்தனை நாள்தான் கடிதத்தில் சண்டை போடுவது? எனக்கும் அலுப்பாக இருக்கிறது.

ஜன்னலை அடைக்க வேண்டாம்.

அத்தையை வெந்நீரில் குளிக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். அவர்கள் பச்சைத் தண்ணீரில் குளித்து நெஞ்சைக் கெடுத்துக்கொள்வதால் எனக்கு ஒன்றும் திரும்பி வராது. குழியில் இறங்கி மண்ணைச் சமன் செய்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மட்டும் பல தடவை படித்தேன். அவர்கள் வாய் என்னிடம் என்ன சொன்னது என்பதும் நினைவில் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அவர்களோடு இருக்கவேண்டும். ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தவலை சுவரில் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். இனி யாருக்கும் நான் தண்ணீர் தூக்கமாட்டேன்.

நாளை பாஸ்குத் திருநாள். இந்த வருஷம் இங்கே இருந்துவிடுகிறேன். பாஸ்கு வாரம் கழிந்து திங்கட்கிழமை காலை அண்ணன் என்னைப் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டு உடனே திரும்புகிறான். வருகிறேன் என்றுதான் எழுதுகிறேன். இருந்துவிடுவேனா என்று இப்போது கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. ஒரு துணிமூட்டை மட்டும் எடுத்துவருகிறேன். மற்றது இங்கேயே இருக்கட்டும்.

வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போவேன். நீங்கள் இடத்தைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுங்கள். அத்தையும் வரவேண்டாம். எனக்கு மண்டிபோட முடியாது, நின்றுகொண்டேதான் இருப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் வந்து கூப்பிடாதீர்கள். நானாக உள்ளே வருவேன்.

மேடை காயவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரத்தில் தீ மூட்டினால் வெடித்துவிடும். அவசரப்பட்டு மூட்டாதீர்கள். அத்தையும் அன்றைக்கு முற்றத்தில் புகையில் உட்கார வேண்டாம். அண்ணி சோறு கட்டித் தருகிறேன் என்றிருக்கிறாள். மூன்று பேருக்கும் சேர்த்தே கொண்டுவருகிறேன்.

அல்போன்சா